அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த பை: இயக்க நரம்பணு நோயில் ஆயுர்வேத சிகிச்சை, ஒரு நிகழ்வு ஆய்வு

கொங்குப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் பொது மருத்துவராக இருக்கிறேன். நரம்பியல் நிபுணர் அல்ல. இங்கே எழுதுவது என்னிடம் நெடுங்காலமாக வந்துகொண்டிருந்த ஒருவரின் கடைசி 33 மாதங்கள் பற்றி. அவருடைய மனைவியும் மகளும் எழுதச் சொல்லி அனுமதி தந்தார்கள். ஆள் யாரென்று தெரிந்துவிடக் கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கு, எண்கள், நாங்கள் எடுத்த முடிவுகள், நான் செய்த பிழைகள் எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கின்றன.

பின்னணி

அவருக்கு அப்போது 53 வயது. சொந்தமாக எட்டு விசைத்தறிகள். சர்க்கரை இல்லை, புகை இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை. மனைவி பட்டறைக் கணக்கைப் பார்ப்பார். ஒரே மகள், பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மருமகன் பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளர்.

முதலில் தெரிந்தது வலது கைக் கட்டைவிரலில். தறியில் இழை அறுந்தால் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பிணைக்க வேண்டும். முப்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை அது. ஒருநாள் விரல்கள் சேரவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. வயது ஆகிறது என்று விட்டுவிட்டார். நான்காவது மாதம் வேறொரு இடத்தில் காட்டி, கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை போட்டார்கள். எம்.ஆர்.ஐ.யில் தேய்மானம் இருக்கத்தான் செய்தது. ஐம்பது வயதுக்கு மேல் பாதிப் பேரின் கழுத்தைப் படம் எடுத்தால் ஏதாவது தேய்ந்திருக்கும். அறுவை சிகிச்சை வரை பேச்சு போயிருக்கிறது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நல்லவேளை.

என்னிடம் வந்தது ஒன்பதாவது மாதம். செருப்பு காலிலிருந்து நழுவுகிறது என்பதுதான் அன்றைய புகார்.

என்ன பார்த்தோம்

வலது உள்ளங்கையில் கட்டைவிரல் பக்கச் சதை வற்றியிருந்தது; சுண்டுவிரல் பக்கம் ஓரளவு மிஞ்சியிருந்தது. சட்டையைக் கழற்றச் சொன்னேன். இரண்டு தோள்களிலும், நெஞ்சிலும், தொடையிலும் தோலுக்கடியில் சதை துடித்துக்கொண்டிருந்தது. "ரெண்டு மூணு மாசமா இப்படித்தானுங்க, பல்லி வால் மாதிரி" என்றார். என்னை நிறுத்திய விஷயம் வேறு. இப்படி வற்றிய கையில் சுத்தியலால் தட்டினால் எதிர்வினை மங்கியிருக்க வேண்டும். இவருக்குக் கை தூக்கி அடித்தது. முழங்காலிலும் அப்படியே. தொடு உணர்ச்சியில் ஒரு குறையும் இல்லை.

நம் தசைகளை அசைக்கும் நரம்பணுக்கள் இரண்டு கட்டமாக இருக்கின்றன. ஒன்று மூளையிலிருந்து தண்டுவடம் வரை. இன்னொன்று அங்கிருந்து தசை வரை. முதலாவது கெட்டால் விறைப்பும் துள்ளலும். இரண்டாவது கெட்டால் வற்றலும் துடிப்பும். இரண்டும் ஒரே உறுப்பில் ஒன்றாகத் தெரிந்து, உணர்ச்சி மட்டும் அப்படியே இருந்தால் ஏ.எல்.எஸ். என்ற இயக்க நரம்பணு நோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1869இல் விவரித்த நோய். அறிகுறி தொடங்கியதிலிருந்து பெரும்பாலோர் இரண்டு முதல் ஐந்து வருடம் இருப்பார்கள். பத்தில் ஒருவர் பத்து வருடத்தைத் தாண்டுவார்.

மருத்துவக் கல்லூரி நரம்பியல் பிரிவுக்கு அனுப்பினேன். தசையின் மின்செயல்பாட்டைப் பார்க்கும் ஈ.எம்.ஜி., ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் முடித்துப் பதினோராவது மாதம் உறுதி செய்தார்கள். அன்றைய நிலை: எடை 64 கிலோ. மூச்சுக் கொள்ளளவு, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 82 சதவீதம். ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்கான செயல்திறன் மதிப்பெண் 48க்கு 41. பேச்சு, விழுங்கல், எழுத்து, நடை, மூச்சு என்று 12 விஷயங்களுக்குத் தலா நான்கு மதிப்பெண் தரும் அளவுகோல் இது. ரிலுசோல் 50 மில்லிகிராம் காலை, இரவு என ஆரம்பித்தார்கள். கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் முதல் மூன்று மாதம் மாதாமாதம் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது.

பன்னிரண்டாவது மாதம்: நான் சொன்ன ஒரு வாக்கியம்

மனைவி, மகள், மருமகன் மூவரும் வந்தார்கள். ரிலுசோல் பற்றி மறைக்காமல் சொன்னேன்: நோயைத் திருப்பாது, நிறுத்தாது, ஆய்வுகளில் சராசரியாக இரண்டு மூன்று மாதம் ஆயுளை நீட்டியது. மருமகன் தொலைபேசியை எடுத்து ஒரு காணொளியைக் காட்டினார். ஒல்லியான இளைஞன் ஒருவன், சூம்பிய கையைக் காட்டி, ஒரு ஆயுர்வேத மையத்தில் சேர்ந்த பிறகு நோய் நின்றுவிட்டது என்கிறான். மூன்று வருடமாக அப்படியே இருக்கிறானாம்.

"உங்க மாத்திரை ரெண்டு மூணு மாசம்தான் தள்ளிப்போடும்னு நீங்களே சொல்றீங்க. அவங்க எந்திரிச்சு நடக்க வெக்கிறேங்கறாங்க. நீங்களா இருந்தா எங்க போவீங்க மேடம்?"

நியாயமான கேள்வி. என் பதில் நியாயமாக இல்லை. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். "அதெல்லாம் ஏமாத்து வேலை, பணத்தைக் கரைக்காதீங்க" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்கான விலை பின்னால் வந்தது.

அன்று அந்தக் காணொளியை அவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். திரையில் பார்த்து யாருக்கும் நோய் நிர்ணயம் செய்ய முடியாது. ஆனால் 'இயக்க நரம்பணு நோய்' என்பது ஒரே நோயின் பெயர் அல்ல என்பதையாவது சொல்லியிருக்கலாம். 15 முதல் 25 வயதுக்குள் பையன்களுக்கு ஒரு கை மட்டும் சூம்பும் ஹிராயமா நோய் என்று ஒன்று உண்டு. ஜப்பானில் 1959இல் விவரிக்கப்பட்டது, நம் நாட்டிலும் நிறையப் பார்க்கிறோம். சில வருடம் கூடும், பிறகு தானாக நின்றுவிடும். நம் ஊர்ப் பெயரையே தாங்கிய இன்னொன்றும் இருக்கிறது: மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய். மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் 1970இல் சென்னையில் பார்த்த இளவயது நோயாளிகளை வைத்து எழுதியது. கைகால் சூம்பும், முகமும் தொண்டையும் பலவீனமாகும், காது மந்தமாகும். ஆனாலும் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். இப்படிப்பட்ட ஒருவர் எந்த லேகியத்தைச் சாப்பிட்டாலும் அந்த லேகியம் நோயை நிறுத்தியதாகத்தான் தோன்றும். 53 வயதில் இரண்டு கை, ஒரு கால் என்று பதினோரு மாதத்தில் பரவிய இவருடைய நோய் அந்த வகை அல்ல.

நம்பிக்கைக்கு அவர்கள் சொன்ன இன்னொரு ஆதாரம் ஸ்டீபன் ஹாக்கிங். 1963இல் நோய் தெரிந்து 2018 வரை இருந்தாரே என்றார்கள். உண்மைதான். அவருக்கு அப்போது வயது 21. அவர் போக்கு வெகு அபூர்வம்.

பதின்மூன்று முதல் பதினைந்தரை மாதம் வரை

பதின்மூன்றாவது மாதம் மதிப்பெண் அதே 41, எஸ்.ஜி.பி.டி. 37. எல்லாம் சரி. அதற்கடுத்த மாதம் அவர் ரத்தம் கொடுக்க வரவில்லை. நானும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

நடந்தது இது. இரண்டு தறிகளை விற்று ஒரு மையத்தில் 21 நாள் தங்கியிருக்கிறார். தினம் எண்ணெய்த் தேய்ப்பு, வேகவைத்த ஞவரை அரிசியைத் துணியில் கட்டி ஒற்றும் ஞவரக்கிழி, நீராவி வியர்வை, இடையில் பேதிக்கு மருந்து, ஆசனவாய் வழியே மருந்து செலுத்தும் வஸ்தி, மூக்கில் எண்ணெய் விடும் நஸ்யம். திரும்பும்போது கஷாயம், லேகியம், இரண்டு சூரணம், பெயர் ஒட்டாத மாத்திரைக் குப்பி ஒன்று. கூடவே பத்தியம்: முட்டை, கறி, மீன், தயிர், கிழங்கு கிடையாது, இரவில் கஞ்சி மட்டும், 90 நாளைக்கு. ரிலுசோலை நிறுத்தச் சொன்னார்களாம். அவர் நிறுத்தவில்லை. அங்கே சாப்பிடுவது எனக்குத் தெரியாது, இங்கே சாப்பிடுவது அவர்களுக்குத் தெரியாது.

வந்த முதல் வாரங்கள் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. இரவில் கெண்டைக்காலைச் சுருட்டும் தசைப்பிடிப்பு குறைந்தது. தோள் இறுக்கம் தளர்ந்தது. பல மாதத்துக்குப் பிறகு விடிய விடியத் தூங்கினார். பொய்யாகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வெந்நீரும் எண்ணெயும் மூன்று வாரம் ஒருவர் கைபிடித்து நீவிவிட்டதும் விறைத்த தசைக்கு இதம் தரும்.

பதினைந்தரை மாதத்தில் என்னிடம் வந்தது சோர்வுக்காகவும் வாய்க் கசப்புக்காகவும். எடைக் கருவியில் ஏற்றினேன். 57.5. உடம்பில் பத்தில் ஒரு பங்கு காணோம். இரண்டாவது முறையும் ஏற்றிப் பார்த்தேன். எஸ்.ஜி.பி.டி. 168, இருக்கலாம் என்று சொல்லும் அளவைப்போல நான்கு மடங்கு. மதிப்பெண் 40.

"வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். மனைவி தரையைப் பார்த்தார்.

வீட்டுக்குப் போனது

அன்று மாலையே போனேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தது தவிர இந்த நிகழ்வில் நான் உருப்படியாகச் செய்தது குறைவு. தேநீர் கொடுத்தார்கள். பட்டறை பாதி வெறிச்சோடியிருந்தது. எங்கே மீதித் தறிகள் என்று கேட்டதும் மனைவி அழுதார். சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"டாக்டரம்மா, சொன்னா வைவீங்கன்னுதானுங்க சொல்லல."

பையில் இருந்ததை ஒவ்வொன்றாக எழுதினேன். லேபிள் இருந்த சூரணங்களில் அமுக்கரா, பூனைக்காலி, சீந்தில், சிற்றாமுட்டி. அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. சீந்திலுக்கும் உண்டு, கோவிட் காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அதே பொருள். இந்த நோய்க்கு அதனால் பயன் என்று காட்டப்படவில்லை. பெயர் ஒட்டாத குப்பி என்னை அதிகம் பயமுறுத்தியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004இல் வெளியான ஆய்வு நினைவுக்கு வந்தது. ஈயம் ஏறினால் அதுவே மணிக்கட்டைத் தொங்க வைக்கும். நோய் எது, மருந்து எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். ரத்தத்தில் ஈயமும் பாதரசமும் பார்க்க அனுப்பினேன். இரண்டும் இயல்பான அளவில் வந்தன. என் சந்தேகம் தவறு. அதையும் குடும்பத்திடம் சொன்னேன். ஒரு விஷயத்தில் நான் தவறு என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் மருமகன் என்னிடம் சரியாகப் பேச ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கல்லீரல் ஏற்றத்துக்கு எது காரணம்? ரிலுசோலும் ஏற்றும், மூலிகையும் ஏற்றும். இரண்டும் மூன்று மாத இடைவெளிக்குள் தொடங்கியவை. நரம்பியல் மருத்துவரிடம் பேசி, உள்ளுக்குச் சாப்பிடும் எல்லாவற்றையும் நிறுத்தினோம், ரிலுசோல் உள்பட. வாரம் ஒருமுறை ரத்தம். ஐந்து வாரத்தில் 48க்கு இறங்கியது. பிறகு ரிலுசோலை மட்டும் திரும்பக் கொடுத்தோம். அதன் பிறகு எப்போதும் 60ஐத் தாண்டவில்லை. மூலிகைதான் காரணம் என்று இது நிரூபிக்காது. சந்தேகத்தை அந்தப் பக்கம் சாய்க்கிறது, அவ்வளவே.

கல்லீரலை விட எனக்குப் பெரிதாகப் பட்டது எடை. இந்த நோயில் பலருக்கு உடம்பு சும்மா இருக்கும்போதே வழக்கத்தை விட அதிகச் சக்தியை எரிக்கும். எடை குறைகிறவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. பேதி மருந்து, இரவுக் கஞ்சி, முட்டையும் கறியும் இல்லாத மூன்று மாதம்: வற்றிக்கொண்டிருக்கும் உடம்பிடம் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாதது அதுதான். பத்தியத்தை அன்றே முறிக்கச் சொன்னேன்.

அங்கேதான் சிக்கல். பத்தியம் முறிந்தால் மருந்து விஷமாகும் என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் சொல் எடுபடவில்லை. அதனால் கோவையில் எனக்குப் பழக்கமான ஆயுர்வேத வைத்தியர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். முறையாகப் படித்தவர், நாற்பது வருடம் தொழில் செய்தவர். விவரம் எல்லாம் கேட்டுவிட்டு அவரே குடும்பத்தோடு பேசினார். அவர் சொன்னதை எனக்கு எட்டிய வரையில் எழுதுகிறேன். ஆயுர்வேதம் நோய்களைச் சாத்தியம், கஷ்டப்பட்டால் சாத்தியம், யாப்பியம், அசாத்தியம் என்று பிரிக்கிறது. யாப்பியம் என்றால் குணமாகாது, சிகிச்சை இருக்கும்வரை தாங்கிப் பிடிக்கலாம். இந்த நோயை அவர் யாப்பியத்திலும் வைக்கத் தயங்கினார். உடம்பு க்ஷீணித்தவருக்குப் பேதி கொடுப்பதைச் சாத்திரமே தடுக்கிறது, இவருக்கு எதற்குக் கொடுத்தார்கள் என்று கோபப்பட்டார். நெய், பால், முட்டை எல்லாம் கொடுங்கள் என்றார். அன்றிரவே வீட்டில் முட்டை வெந்தது.

எண்ணெய்த் தேய்ப்பை நான் நிறுத்தச் சொல்லவில்லை. வெதுவெதுப்பான எண்ணெய், அழுத்தம் இல்லாமல், வாரம் மூன்று நாள், வீட்டிலேயே மருமகன் கையால். இதமாக இருந்தது, ஆபத்து இல்லை, காசும் இல்லை. தேய்த்த பிறகு மூட்டுகளை மடக்கி நீட்டும் பயிற்சியை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். நஸ்யத்தை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்றேன். தொண்டை பலவீனமாகப் போகும் ஒருவரின் மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கலாம்.

மருமகனுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அந்த நான்கரை மாதத்தில் மதிப்பெண் 41இலிருந்து 40தானே, நோய் நின்றதே, அது மருந்தால் இல்லையா? அதற்குக் காகிதம் தேவைப்பட்டது. மருந்து தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மாதமும் மதிப்பெண் 41ஆகத்தான் இருந்தது என்று காட்டினேன். பல மருந்து ஆய்வுகளில் கலந்துகொண்ட ஆயிரக்கணக்கான ஏ.எல்.எஸ். நோயாளிகளின் பதிவுகளைச் சேர்த்து 2016இல் பார்த்திருக்கிறார்கள்: ஆறு மாதத்தில் நான்கில் ஒருவருக்கு மதிப்பெண் இறங்கவே இல்லை, ஒரு வருடத்தில் 16 சதவீதம் பேருக்கு, ஒன்றரை வருடத்தில் 7 சதவீதம் பேருக்கு. இந்த நோய் படிக்கட்டு போல, நின்று நின்று இறங்கக்கூடியது. நிற்கும் படியில் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோமோ அதற்குப் புகழ் போய்விடும்.

ஆங்கில மருந்துக்கும் இதே அளவுகோல்தான் என்று சொல்லாவிட்டால் அது பாரபட்சம். இதே நோய்க்கான ரெலிவ்ரியோ என்ற மருந்தை, 137 பேரிடம் நடந்த ஆய்வை வைத்து 2022இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். பிறகு 664 பேரிடம் சோதித்ததில் பலன் தெரியவில்லை; 2024இல் நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. இதைச் சொன்னதும் மருமகன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவங்களும் ஆயிரம் பேர வெச்சுப் பாக்கட்டும்" என்றார்.

கடைசியாக ஒரு தாளில் எழுதி நோயாளியும் நானும் கையெழுத்துப் போட்டோம். எந்தப் புது மருந்தும் எனக்குத் தெரியாமல் வராது. கொண்டுவந்தால் நான் திட்ட மாட்டேன். வாரம் ஒருநாள் எடை. எடை 56க்குக் கீழே போனாலோ, மூச்சுக் கொள்ளளவு 60 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் உணவுக்குழாய் பற்றி முடிவெடுப்போம். அவர் பெயரைப் போட இடது கை தேவைப்பட்டது.

பிறகு நடந்தது

பதினேழாவது மாதத்திலிருந்து படி இறங்கத் தொடங்கியது. தண்ணீர் குடித்தால் இருமல். பேச்சு மூக்கால் வந்தது. எடை 58.8 வரை ஏறி, மறுபடி இறங்கியது. பத்தொன்பதாவது மாதம் மூச்சுக் கொள்ளளவு 58, மதிப்பெண் 33.

வயிற்றில் துளையிட்டு வைக்கும் பெக் குழாய்க்கு நேரம் வந்துவிட்டது. மூச்சு 50 சதவீதத்துக்குக் கீழே போன பிறகு அதை வைப்பது ஆபத்து கூடிய வேலை. மனைவி கேட்டார்: "ஒரு மூணு மாசம் பாத்துப்போட்டு வெச்சுக்கலாமுங்களா? மையத்துல ரெண்டாம் சுத்துக்கு வரச் சொல்றாங்க." மறைக்காமல் என்னிடமே கேட்டார் என்பதில் எனக்கு ஆறுதல். தாளை எடுத்தோம். 60 என்று எழுதியிருந்தது. நோயாளியே விரலால் அந்த எண்ணைக் காட்டினார். இருபதாவது மாதம், மூச்சு 52இல் இருக்கும்போது, மருத்துவக் கல்லூரியில் குழாய் வைத்தார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினார். ராகிக்கஞ்சி, பால், முட்டை, நெய் எல்லாம் அரைத்து வடிகட்டி அதன் வழியே போனது.

அடுத்த மாதமே காலைத் தலைவலி. படுத்தால் மூச்சுத் திணறி, நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். இரவில் கரியமில வாயு தேங்குவதன் அடையாளம். முகமூடி வழியே மூச்சுக்குக் கைகொடுக்கும் பைபாப் கருவி தேவை. தொண்டை ஓரளவு நன்றாக இருக்கும் நோயாளிகளுக்கு ரிலுசோலை விட அதிக மாதங்களைத் தந்தது இந்தக் கருவிதான் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு 2006இல் காட்டியது. அவர் தொண்டை ஏற்கெனவே பாதித்திருந்ததால் அத்தனை பலனை நான் வாக்களிக்கவில்லை. வாங்கப் பணம் இல்லை. இன்னொரு தறியை விற்றார்கள். மையத்துக்காக விற்ற இரண்டு தறிகளைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை, எல்லோரும் நினைத்தோம். முகமூடிக்குப் பழக இரண்டு வாரம் ஆனது. பிறகு தலைவலி நின்றது, படுத்துத் தூங்கினார்.

இருபத்தாறாவது மாதம் பேச்சு முற்றிலும் போயிற்று. மகள் ஒரு அட்டையில் மெய்யெழுத்துகள் பதினெட்டையும் கீழே உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் புள்ளியையும் எழுதினாள். வரிசையாகத் தொட்டுக்கொண்டே வருவாள். சரியான எழுத்தில் அவர் இமையை மூடுவார். ஒரு மெய், ஒரு உயிர், எழுத்து கிடைத்துவிடும். 247 எழுத்தையும் அடுக்கிய அட்டையை விட இது பல மடங்கு வேகம். அந்த அட்டையில்தான் தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் வேண்டாம் என்ற முடிவைச் சொன்னார். இருமுறை, வெவ்வேறு நாளில் கேட்டோம். இருமுறையும் "வேண்டாம், வீடு" என்றே வந்தது.

கடைசி வாரங்களில் மூச்சுத் தவிப்புக்குக் குறைந்த அளவு மார்ஃபின். முப்பத்து மூன்றாவது மாதம், விடியற்காலையில், வீட்டில், முகமூடியோடு போனார்.

காரியம் முடிந்த பிறகு மருமகன் வந்தார். "அந்த இருபத்தோரு நாளும் பத்தியமும் இல்லாம இருந்திருந்தா இன்னுங் கொஞ்ச நாள் இருந்திருப்பாருங்களா?" தெரியாது என்றேன். ஒருவர் உடம்பில் நடந்ததை வைத்து அதைச் சொல்ல முடியாது. இழந்த ஆறரை கிலோவில் பெரும்பகுதி திரும்ப வரவில்லை என்பது மட்டும் எழுத்தில் இருக்கிறது. அந்த முடிவுக்கு அவர் மட்டும் பொறுப்பல்ல, பன்னிரண்டாவது மாதம் நான் வாயை மூடிக்கொண்டு காணொளியைப் பார்த்திருந்தால் அவர்கள் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் மையத்துக்குப் போயிருப்பார்கள் என்பதையும் சொன்னேன்.

இனி என்ன மாற்றுவேன், என்ன மாற்றியிருக்கிறேன்

நோய் உறுதியான வாரத்திலேயே மூலிகை பற்றிப் பேச்சை நானே எடுக்கிறேன். "வேற எங்கியாச்சும் காட்டப் போறீங்களா?" என்று கேட்பதில்லை, அதற்கு எல்லோரும் இல்லை என்பார்கள். "எல்லாருமே ஒரு இடத்துல காட்டுவாங்க, நீங்க எங்க யோசிச்சிருக்கீங்க?" என்று கேட்கிறேன். பதில் வருகிறது.

குழாய், மூச்சுக்கருவி இரண்டையும் பற்றி முதல் மூன்று மாதத்துக்குள் பேசிவிடுகிறேன். இவருக்குப் பத்தொன்பதாவது மாதம் வரை காத்திருந்தது தவறு. நாங்கள் பேசாமல் விட்ட அந்த இடத்தில்தான் மையத்தின் வாக்குறுதி வந்து உட்கார்ந்துகொண்டது. இழப்பதற்கு முன் குரலைப் பதிவு செய்து வைக்கச் சொல்லவும் தவறிவிட்டேன். மகளுக்கு அது ஆறாத குறை.

மாத ரத்தப் பரிசோதனைக்கு யாராவது வராவிட்டால் மூன்றாம் நாள் செவிலியர் கூப்பிடுகிறார். இது சின்ன விஷயம். பதினான்காவது மாதம் செய்திருந்தால் 168ஐயும் 57.5ஐயும் ஆறு வாரம் முன்னதாகப் பார்த்திருப்போம்.

கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை இப்போது ஒரு படிவமாக அச்சடித்து வைத்திருக்கிறேன்: இன்றைய எடை, மூச்சு, மதிப்பெண், கல்லீரல், தொடங்கப்போகும் மருந்தின் பெயரும் கொடுத்தவரும், எத்தனை வாரம் பார்ப்போம், எந்த எண்ணைத் தொட்டால் நிறுத்துவோம். பெயர் ஒட்டாத குப்பிக்கு அதில் இடம் இல்லை. பேதிக்கும் பட்டினிக்கும் இடம் இல்லை. எண்ணெய்த் தேய்ப்புக்கு இருக்கிறது. இதுவரை நான்கு குடும்பங்கள் நிரப்பியிருக்கின்றன. இருவர் மூலிகை தொடங்கி, எடை இறங்கியதும் தாங்களே நிறுத்தினார்கள். ஒருவர் இன்னும் சாப்பிடுகிறார், எடையும் கல்லீரலும் நிலையாக இருக்கின்றன, நான் தடுக்கவில்லை. ஒருவர் தொடங்கவே இல்லை.

கோவை வைத்தியரும் அந்தப் படிவத்தின் நகலை வாங்கி வைத்திருக்கிறார். எடைக்கான கட்டம் முதலில் கடைசி வரியில் இருந்தது. அதை மேலே கொண்டுவரச் சொன்னது அவர்தான்.